இரண்டும் உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்

போளூர், ஆரணி, தேவிகாபுரம், சேத்துப்பட்டு வட்டாரத்தில் போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நேராகக் கணக்குக்கே போய்விடலாம். 2009-10இல் நடந்த மூன்றாவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறிக் குடும்பங்கள் 27.83 லட்சம். தறிகள் 23.77 லட்சம். நெய்பவர்களோடு பாவு ஓட்டுவது, தார் சுற்றுவது போன்ற துணை வேலை செய்பவர்களையும் சேர்த்தால் 43.31 லட்சம் பேர். பத்து ஆண்டு கழித்து, 2019-20இல், நான்காவது கணக்கெடுப்பு நடந்தது. குடும்பங்கள் 31.45 லட்சமாகக் கூடியிருந்தன. தறிகளும் 28.20 லட்சமாகக் கூடியிருந்தன. ஆட்கள் மட்டும் 35.22 லட்சமாகக் குறைந்திருந்தார்கள்.

வீடு கூடியிருக்கிறது, தறி கூடியிருக்கிறது, ஆள் குறைந்திருக்கிறது. எப்படி?

டீக்கடையில் கேட்டால் சட்டென்று பதில் வரும்: "கணக்கெடுத்தவன் ஒழுங்கா எடுத்திருக்க மாட்டான்." வெளியுலகில் சில சமயம் அதுவே சரியான பதிலாகவும் இருந்துவிடும். தேர்வறையில் அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேள்வியைக் கையில் கொடுக்கிறார்கள். மேலே உள்ள இரண்டு தகவலும் உண்மை. ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாததுபோலத் தெரிகிறது. கீழே உள்ளவற்றில் எது உண்மையானால் அந்த முரண் நன்றாக விலகும்? கேள்வி இவ்வளவுதான். பயிற்சிக் கையேடுகளில் இதற்கு ‘பாரடாக்ஸ்’ கேள்வி என்று பெயர். நிறையப் பேர் இதில்தான் மதிப்பெண்ணை விடுகிறார்கள், அதுவும் நன்றாகப் படிக்கிறவர்கள். விஷயம் தெரிந்தவருக்கு இரண்டு தகவலில் ஒன்றைச் சந்தேகப்படத் தோன்றும். சந்தேகம் நல்ல குணம்தான், ஆனால் இந்தக் கேள்வியில் அதற்கு வேலை இல்லை.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வுக்கு இந்தக் கேள்வி பழைய உறவு. 2024 ஆகஸ்டில் அந்தத் தேர்விலிருந்து புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு தர்க்கப் பகுதியை வைத்தார்கள். அதனால் இதற்கு மவுசு கூடியிருக்கிறது. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட்டிலும் இது வரும். இங்கே தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வின் 120 கேள்விகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தர்க்கம். முரண்களை அடையாளம் காணும் திறன் அதன் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. விடை தவறினால் கால் மதிப்பெண் போகும்.

போளூர்ப் பக்கம் பலருடைய கண் கிளாட்டைவிட டிஎன்பிஎஸ்சி மேல்தான் இருக்கும். குரூப் 4 தாளின் 200 கேள்விகளில் திறனறிவுக்கு 25. அதில் எண்ணும் வரிசையும்தான் அதிகம், நேரடியான முரண் கேள்வி அபூர்வம். ஆனால் பொது அறிவுப் பகுதியில் இதன் பங்காளி ஒருவர் அடிக்கடி வந்து உட்காருவார்: கூற்று – காரணம். அங்கே இரண்டு வாக்கியங்களையும் அவற்றுக்கு நடுவே ‘ஏனென்றால்’ என்ற பாலத்தையும் அவர்களே தந்துவிடுகிறார்கள். பாலம் தாங்குமா என்று பார்ப்பது உங்கள் வேலை. முரண் கேள்வியில் இரண்டு கரையும் இருக்கும், பாலம் இருக்காது. முதல் வகையை உருப்போட்டுத் தேறிய பலர் இரண்டாவதில் திணறுவது இதனால்தான்.

மேலே உள்ள கணக்கையே கூற்று – காரணமாக எழுதிப் பாருங்கள். கூற்று: கைத்தறித் தொழிலில் உள்ள ஆட்கள் குறைந்தார்கள். காரணம்: கைத்தறிக் குடும்பங்கள் கூடின. இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. அவசரத்தில் ‘இரண்டும் சரி’ என்று கண்டதும் முதல் விடையைக் கறுப்பாக்கிவிட்டுப் போகிறவர்களுக்காகவே வைத்த பொறி இது.

இப்போது முரண் கேள்விக்குரிய நான்கு விடைகளை அடுக்கலாம். (அ) விசைத்தறியின் போட்டியால் கைத்தறிக் கூலி உயரவில்லை. (ஆ) அரசுத் திட்டங்கள் வழியாகப் புதுத் தறிகள் கிடைத்தன. (இ) முன்பு ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் செய்த வேலையை இப்போது பெரும்பாலும் ஒருவரே செய்கிறார். (ஈ) பட்டு நூலின் விலை ஏறிக்கொண்டே போகிறது.

ஆரணிப் பக்கத்தில் வளர்ந்தவருக்கு அ-வும் ஈ-யும் நெஞ்சைத் தொடும். வீட்டில் தினமும் கேட்கிற பேச்சு அது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கூலி உயராததால் ஆட்கள் போய்விட்டார்கள் என்றால் சரி, வீடுகள் ஏன் கூடின? அ-விடம் பதில் இல்லை. ஆ தறி கூடியதைச் சொல்லும், ஆள் குறைந்ததைச் சொல்லாது. ஈ இரண்டு பக்கமும் ஒட்டாது. இ மட்டும்தான் இரண்டு முனையையும் பிடிக்கிறது: வீட்டுக்கு ஆள் குறைந்துவிட்டால், வீடுகள் கூடினாலும் மொத்த ஆள் குறையலாம். எண்களும் அதையே சொல்கின்றன. 43.31ஐ 27.83ஆல் வகுத்தால் வீட்டுக்குச் சுமார் 1.56 பேர். 35.22ஐ 31.45ஆல் வகுத்தால் 1.12 பேர்.

இந்த இடத்தில் கூர்மையான மாணவி ஒருத்தி கையைத் தூக்க வேண்டும். "2009-10 கணக்கில் இருந்த 43.31 லட்சத்தில் சிறுவர் சிறுமியரும் உண்டே!" உண்மைதான். அதில் வயது வந்தவர்கள் 38.47 லட்சம் பேர். அப்படியானால் ஆள் குறைந்தது என்பதே பிள்ளைகளைக் கழித்ததால் வந்த தோற்றம்தானா? கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். 2019-20இன் 35.22 லட்சத்தில் பிள்ளைகள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அதிலுள்ள பெரியவர்கள் 35.22 லட்சத்தைத் தாண்ட முடியாது. ஆகவே பெரியவர்களில் மட்டும் குறைந்தது மூன்றே கால் லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள். பெரியவர்களை மட்டும் வைத்து வகுத்தாலும் வீட்டுக்கு 1.38 ஆக இருந்தது 1.12ஐத் தாண்டவில்லை. விடை மாறவில்லை, சரிவின் அளவுதான் சிறுத்தது. இப்படி ஒரு இடைஞ்சலைத் தானே எழுப்பித் தானே தீர்க்கிற பழக்கம் எந்தக் குறுக்குவழிப் புத்தகத்திலும் கிடைக்காது.

வீட்டுக்கு ஆள் ஏன் குறைந்தது என்பது தனிக் கேள்வி. தறிக்கு வராமல் கிளை நூலகத்தில் கையேட்டோடு உட்கார்ந்திருக்கும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கழித்தலில் ஒரு பகுதியாக இருக்கலாம். தேர்வு அதைக் கேட்கவில்லை, அதனால் இங்கேயும் விட்டுவிடலாம்.

அடுத்த கணக்கு, வேலூர் – திருவண்ணாமலைச் சாலையில் பேருந்துக்கு நிற்கிற எல்லோருக்கும் தொடர்புள்ளது. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. உயிரிழப்பில் முதலிடம் உத்தரப் பிரதேசத்துக்கு: 22,595. அங்கே விபத்துகள் 41,746தான். தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். நூறு விபத்துக்கு இங்கே சுமார் 28 உயிர், அங்கே சுமார் 54.

தமிழ்நாட்டில் வண்டிகள் அதிகம் என்று ஒரு விடை இருந்தால், அது விபத்து கூடியதற்குப் பொருந்தும். ஆனால் சாவு ஏன் குறைவு என்பது அப்படியே நிற்கும். உத்தரப் பிரதேசத்தில் மக்கள் தொகை அதிகம் என்ற விடை சாவுக்குப் பொருந்தும், விபத்து ஏன் குறைவு என்பதை இன்னும் சிக்கலாக்கும். இது இந்த வகைக் கேள்வியின் வழக்கமான தூண்டில். ஒரு முனையை அழகாக விளக்கி, மறு முனையை முன்பைவிட இறுக்கி முடிச்சுப் போட்டுவிடும். மறு முனையைத் தொட்டே பார்க்காதவர் அதை எடுத்துக்கொண்டு திருப்தியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இன்னும் இரண்டு விடைகளை எண்ணிப் பார்க்கலாம். இங்கே சின்ன மோதல்கூடக் காவல் நிலையத்தில் பதிவாகிறது, அங்கே பெரிய விபத்துகள்தான் பதிவாகின்றன என்பது ஒன்று. அடிபட்டவர்களை இங்கே விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்பது மற்றொன்று. 108 ஆம்புலன்ஸ் எல்லோருக்கும் தெரியும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. இந்த இரண்டு விடைகளுமே முரணை விலக்கும். எது நிஜம்? தேர்வு அதைக் கேட்கவே இல்லை. ‘உண்மையானால்’ என்ற ஒரு சொல்லுக்குள் அது ஒளிந்துகொள்கிறது. ஒழுங்காகக் கேள்வி தயாரிப்பவர் இரண்டையும் ஒரே கேள்வியில் வைக்க மாட்டார். ‘கீழ்க்கண்டவற்றுள் எதைத் தவிர மற்றவை முரணை விலக்கும்’ என்று கேட்டால் மட்டும் வைப்பார். அந்தத் ‘தவிர’ கண்ணில் படாமல் போவது தனிச் சோகம்.

நிஜத்தில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் கலந்தே இருக்கலாம். எது எவ்வளவு என்று தெரிய வேறு புள்ளிவிவரம் வேண்டும். பரீட்சைத் தர்க்கத்தின் எல்லை அவ்வளவுதான். அது தரும் விடை ஒரு சாத்தியம், தீர்ப்பு இல்லை. விடைத்தாளில் ஜெயித்த பழக்கத்தில் அரசியல் விவாதத்திலும் இதே வேகத்தில் ‘விடை இ’ என்று அடித்துவிடுகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கிப் போவது நல்லது.

பதிவு என்றதும் அமர்த்தியா சென் நினைவுக்கு வருகிறார். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். இந்திய மாநிலங்களில் கேரள மக்களுக்கு ஆயுள் மிக அதிகம். நோய் உண்டு என்று சொல்பவர்களும் அங்கேதான் மிக அதிகம். பீகாரில் ஆயுள் குறைவு, நோய் உண்டு என்று சொல்பவர்களும் குறைவு. நோயாளிகள் நிறைந்த ஊரில் எல்லோரும் நீண்ட நாள் வாழ்கிறார்களா? சென் காட்டிய முடிச்சு ‘சொல்பவர்கள்’ என்ற இடத்தில் இருந்தது. படிப்பும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில் தனக்கு நோய் இருப்பது ஆளுக்குத் தெரிகிறது, தெரிந்ததைச் சொல்கிறார். வசதி இல்லாத இடத்தில் அதே உபாதை வாழ்க்கையின் ஒரு பகுதியாகப் போய்விடுகிறது. கணக்கில் வந்தது நோயின் அளவு என்று நாம் நினைத்துக்கொண்டோம். அது நோய் பற்றிய வாக்குமூலத்தின் அளவு.

சாலை விபத்தும் அப்படித்தான்: அறிக்கையில் இருப்பது பதிவான விபத்து. கைத்தறிக் கணக்கில் ஒரு எண் வீட்டை எண்ணியது, இன்னொன்று ஆளை எண்ணியது. கேள்வியைப் படிக்கும்போது பென்சிலால் கோடு போட வேண்டியது எண்ணுக்கு அடியில் அல்ல, எதை எண்ணினார்கள் என்று சொல்லும் அந்தச் சின்னச் சொல்லுக்கு அடியில். பாலம் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

சில சமயம் அது மொத்தத்துக்கும் பகுதிக்கும் இடையே இருக்கும். 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கு மனுப் போட்ட ஆண்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது, பெண்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். பாரபட்சம் என்று குரல் எழுந்தது. துறை துறையாகப் பிரித்துப் பார்த்த பிக்கல், ஹாமல், ஓ’கானல் ஆகிய மூவரும் 1975இல் சயன்ஸ் இதழில் எழுதியது வேறு: துறைவாரியாகப் பார்த்தால் பெண்களுக்கு எதிரான அப்படியொரு சாய்வு தெரியவில்லை. இடம் கிடைப்பதே குதிரைக் கொம்பான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக மனுப் போட்டிருந்தார்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணிச் சாலையில் போய்ப் பக்கத்துத் திருமலையில் ஏறிப் பாருங்கள். பாறையோடு பாறையாகச் சுமார் 16 மீட்டர் உயரத்தில் நேமிநாதர் நிற்கிறார். ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயர் கொண்ட ஜினாலயம் அங்கே உண்டு. ராஜேந்திர சோழனின் கங்கைப் படையெடுப்பைச் சொல்லும் புகழ்பெற்ற கல்வெட்டும் அங்கேதான். வரலாற்று மாணவர்கள் இதையெல்லாம் குரூப் 2 பாடத்திட்டத்துக்காக ஏற்கெனவே மனப்பாடம் செய்திருப்பார்கள். அந்தக் கோயிலைக் கட்டியவர்களின் தர்க்கத்தை மனப்பாடம் செய்தவர்கள் குறைவு.

சமணத் தர்க்கத்தின் அடிப்படை இது: ஒரு பொருளைப் பற்றி ‘இருக்கிறது’ என்றும் ‘இல்லை’ என்றும் இருவர் சொன்னால் உடனே ஒருவரைப் பொய்யராக்க வேண்டியதில்லை. எந்தப் பொருளாக, எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த நிலையில் என்று கேட்க வேண்டும். குடம் மண்ணாக இருக்கிறது, பொன்னாக இல்லை. நேற்று இருந்தது, இன்று உடைந்துபோனதால் இல்லை. நோக்குநிலையைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும். இப்படி ஒரு பொருளைப் பற்றிச் சொல்லக்கூடியவற்றை ஏழு வகையாக அடுக்கி அதற்கு ஏழு பங்கம் என்று பெயர் வைத்தார்கள். எல்லா முரணையும் இப்படிச் சமரசம் செய்துவிட முடியாது என்று பிற சமயத்தார் அவர்களோடு மல்லுக்கட்டியதும் உண்டு. இந்தப் பக்கம் காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொன்ன அளவை இலக்கணம், அந்தக் காப்பியத்தின் 29ஆம் காதையில், நல்ல காரணம் எது, போலிக் காரணம் எது என்று வரிசையாகப் பிரிக்கிறது. கூற்று – காரணக் கேள்விக்கு அதைவிடப் பழைய தமிழ்க் கையேடு கிடைப்பது கடினம்.

மல்லுக்கட்டியவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. எல்லா முரணும் தோற்றம் இல்லை. சில முரண்கள் கேள்வித்தாளின் பிழை.

2024 நீட் தேர்வின் இயற்பியல் பகுதியில் அணுவைப் பற்றி இரண்டு கூற்றுகள் கொடுத்திருந்தார்கள். நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் சமமாக இருப்பதால் அணு மின்நடுநிலை கொண்டது என்பது முதலாவது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது, தனக்கேயுரிய நிறமாலையை உமிழ்கிறது என்பது இரண்டாவது. முதலாவதில் தகராறு இல்லை. கதிரியக்கத் தனிமங்கள் இருப்பதால் இரண்டாவது தவறு என்றார்கள் சிலர். பழைய என்சிஇஆர்டி பாடநூலில் அப்படித்தானே இருக்கிறது என்றார்கள் வேறு சிலர். புதிய பதிப்பில் ‘ஒவ்வொரு’ போய் ‘பெரும்பாலான’ வந்திருந்தது. தேர்வு முகமை இரண்டு விடைக்கும் மதிப்பெண் கொடுத்தது.

விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. இரண்டு விடையும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது என்ற வாதத்தைக் கேட்ட தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அமர்வு, ஜூலை 22 அன்று டெல்லி ஐஐடி இயக்குநரிடம் மூன்று நிபுணர்களை வைத்துப் பார்க்கச் சொன்னது. மறுநாளே பதில் வந்தது: இரண்டாவது கூற்று தவறு, நான்காவது விடை ஒன்றே சரி. பழைய புத்தகத்தை நம்பிக் குறித்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கிடைத்திருந்த 4 மதிப்பெண் போனது, தவறான விடைக்கான 1 மதிப்பெண்ணும் கழிந்தது. 720க்கு 720 வாங்கியிருந்தவர்கள் 61 பேர், திருத்திய பட்டியலில் 17 பேர். ஒரு ‘ஒவ்வொரு’ செய்த வேலை.

விடைக்குறிப்பைப் பற்றிய சட்டம் அதற்கும் பழையது. 1983இல் கான்பூர் பல்கலைக்கழகம் எதிர் சமீர் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் இன்றும் நடைமுறையில் இருக்கிறது: விடைக்குறிப்பு சரி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அது தவறு என்று ஐயமின்றிக் காட்டினால் தவிர. சுற்றி வளைத்து ஊகத்தால் நிறுவுவது போதாது. அந்தத் தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி ஒய்.வி.சந்திரசூட், 2024 அமர்வின் தலைமை நீதிபதிக்கு அப்பா.

இந்த அளவுகோல் உங்கள் கையிலும் நாளை தேவைப்படலாம். டிஎன்பிஎஸ்சி தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வெளிவரும். ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் இணையத்தில் பதிவு செய்யலாம். விடுதி அறையில் உட்கார்ந்து ‘அந்தக் கேள்வியே தப்புடா’ என்று புலம்பும் நேரத்தில், எந்தக் கேள்வி, எந்தச் சொல், எந்தப் பாடநூலின் எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்று எழுதி அனுப்பிவிட முடியும். அனுப்புமுன், அது உண்மையான பிழையா, இரண்டு முனையையும் பிடிக்கும் ஒரு தகவல் நமக்குத் தோன்றாமல் போனதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். தேர்வறைக்குள் அந்த ஐயம் வந்தால் வழி வேறு. கேள்வியோடு வழக்காடாமல், இரண்டும் உண்மை என்று வைத்துக்கொண்டு இருப்பதில் பொருத்தமானதைக் குறித்துவிட்டு நகர வேண்டும். குரூப் 4 தாளில் தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. விடை தெரியாவிட்டால் எதையும் கறுப்பாக்காமல் விட்டுவிடக் கூடாது, ஐந்தாவதாக உள்ள ‘விடை தெரியவில்லை’ கட்டத்தையாவது நிரப்ப வேண்டும். 2020 முதல் அந்தக் கட்டம் அதற்காகவே இருக்கிறது.